வாடாத பாத்தி

லூர்துமேரிக்கு வேலை போனது வாடாமல்லியால்தான் என்று சொன்னால் எங்கள் கேன்டீனில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் தின்றுவிட்டுப் போகிற ஜென்மங்கள். கேன்டீன் ஜன்னல் வழியாக அந்தப் பாத்தியை தினமும் பார்த்துக்கொண்டே கரண்டி பிடித்தவள் நான். எனக்குத் தெரியாதா?

பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் வால்வு செய்கிற கம்பெனி எங்களுடையது. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய அடுத்த வருஷம் லூர்துக்கா இங்கே தோட்ட வேலைக்கு வந்தாள். அவள் புருஷன் தாஸ் அண்ணன், சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுத்தவர். கல்தூசி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடப்பதற்குள் மூச்சு வாங்கும். சந்தாபுராவில் ஒற்றை அறை பிடித்து அவரை உட்காரவைத்துவிட்டுத்தான் அக்கா வேலைக்கு வருவாள். சம்பளத்தைவிட அவளுக்குப் பெரிது ஈ.எஸ்.ஐ. அட்டை. வேலை இருக்கும்வரை அட்டை, அட்டை இருக்கும்வரை அண்ணனுக்கு மருந்தும் ஆக்சிஜனும். அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜெபமாலையோடு சேர்த்துப் பையில் வைத்திருப்பாள்.

அப்போதெல்லாம் கேட்டுக்கு உள்ளே இருந்த பாத்தியில் நர்சரிக்காரன் நட்டுவிட்டுப் போன பெட்டூனியாவும் சால்வியாவும்தான். பணக்கார வீட்டுச் செல்லங்கள். ஒரு வேளை தண்ணீர் தவறினால் தலையைத் தொங்கப்போட்டுவிடும். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அக்கா லீவு எடுத்தாளோ இல்லையோ, மறுநாள் அந்தப் பூக்களே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். நிர்வாக மேனேஜர் வெங்கடசுப்ரமணியன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாத்தி முன்னால் நிற்பார்.

"என்னம்மா இது, கஸ்டமர் வர்ற வழியில? உன்னால முடியலேன்னா சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

அன்றைக்கு அவள் சாப்பிட வந்தபோது தட்டில் சோறு அப்படியே இருந்தது. "நான் இல்லாத நாள்ல என்னக் காட்டிக் குடுக்காத பூவா வெக்கணும் சரளா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கவயலுக்குப் போய், சுரங்கக்காரர்களின் லைன் வீட்டு வாசல்களிலிருந்து விதை பொறுக்கிக்கொண்டு வந்தாள். சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து புழுதி பறந்துவந்து விழுகிற அந்த மண்ணில் பிழைத்தது எங்கேயும் பிழைக்கும் என்பது அவள் கணக்கு. நடுவில் வாடாமல்லி; செடியிலேயே காய்ந்தாலும் நிறம் போகாது. வெயில் கொளுத்துகிற ஓரத்தில் நித்யகல்யாணி. கருங்கல் விளிம்பில் பத்துமணிப் பூ. பின்னால் காஸ்மாஸ், அதற்கு எருவைக் கொட்டினால் இலைதான் வரும், பூ வராது என்று எருவே காட்டவில்லை. ஜினியாவை ஒரு மழைக்காலம் வைத்துப் பார்த்தாள். இலையெல்லாம் சாம்பல் பூத்ததும் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

என்ன சொல்ல, அந்தப் பாத்தி பூவின் நிறத்தில் தகதகவென்று எரிந்தது போங்கள். போர்வெல் வற்றி டேங்கர் வந்த கோடையிலும் நிறம் குறையவில்லை. அக்கா லீவு போட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மேனேஜர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அண்ணனுக்கும் அந்த வருஷம் கொஞ்சம் தேவலையாக இருந்தது.

பிறகு ஒரு ஜனவரியில் மும்பை ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். டீ டிரேயோடு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். "சார் கேக்கறார், இதுக்கு எவ்வளவு வேலை ஆகும்னு."

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வேலயே இல்ல சார். ஒரு தபா வெச்சதோட சரி, நான் கையே வெக்கறதில்ல. வெதகூட அதுவே போட்டுக்கும்."

அடிப்பாவி! தினமும் களை எடுத்தவள், நுனி கிள்ளியவள், நெருங்கி முளைத்த நாற்றைப் பிரித்து நட்டவள் யார்? ஆனால் அவள் பேசியது சுரங்கத்துப் பேச்சு. முட்டுக் கொடுத்தவனை அதே இடத்துக்கு மறுபடி கூப்பிட்டால் அங்கே அது அவமானம். ஒருதரம் வைத்தால் திரும்பிப் பார்க்கக்கூடாது. தாஸ் அண்ணன் முப்பது வருஷம் அந்தப் பெருமையில்தான் வீட்டுக்கு வந்தார், அவளும் அந்தப் பெருமையில்தான் சோறு போட்டாள். வேறு எப்படிச் சொல்லுவாள்?

அதிகாரி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மேனேஜர் தலையாட்டினார். மார்ச்சோடு தோட்டத்துக்கு ஆள் வேண்டாம் என்று முடிவாயிற்று. வாட்ச்மேன் வாரத்துக்கு ஒருதரம் பைப்பைப் பிடித்தால் போதுமாம்.

அக்கா மேனேஜர் அறைக்கு ஓடினாள். திறந்திருந்த கதவு வழியாக எல்லாருக்கும் கேட்டது. "சார், நான் பொய் சொல்லிட்டேன் சார். தெனம் வேல கீது. நான் இல்லன்னா அது நிக்காது."

"நீயேதானேம்மா சொன்னே" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வெளியே வந்தவள் நேராகப் பாத்தியில் இறங்கினாள். இரண்டு கையாலும் பிடுங்கினாள். வாடாமல்லி, நித்யகல்யாணி, காஸ்மாஸ் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, அங்கேயே தரையில் அடித்தாள். வாட்ச்மேன் தடுக்கவில்லை. காய்ந்த பூத்தலைகள் உதிர்ந்து பாத்தி முழுக்கச் சிதறின. "நாளைக்கு வந்து பாரு சார், அப்ப தெரியும்!" என்று கத்திவிட்டுப் போனாள்.

மே மாத மழையில் மொத்தமும் முளைத்தது. அவள் கை உதறிய இடமெல்லாம் விதை விழுந்திருந்தது. ஜூலையில் முன்பைவிட அடர்த்தியாகப் பூத்து நின்றது. மேனேஜர் அதைக் காட்டி, "பாத்தியா சரளா?" என்று என்னிடம் கேட்டார். பார்த்தேன். அவர் டீயில் அன்றைக்குச் சர்க்கரையே போடவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அட்டை செல்லாமல் போனபிறகு தாஸ் அண்ணன் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. செய்தி வந்த காலையில் யாரையும் கேட்காமல் அந்தப் பாத்தியில் இறங்கி வாடாமல்லியைக் கை கொள்ளாமல் பறித்து, பஸ்ஸிலேயே மாலையாகக் கட்டினேன். அவள் வைத்த பூ, அவள் புருஷனுக்குப் போகட்டும் என்று நினைத்தேன்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அக்கா அழாமல் உட்கார்ந்திருந்தாள். மாலையை வாங்கிப் பார்த்தாள். எங்கே பறித்தது என்று கேட்கவில்லை.

"ஒரு நாளாவது வாடித் தொலச்சிருந்தா என்ன சரளா இதுங்களுக்கு?" என்றாள். "நம்மள மறுபடி கூப்ட்டிருப்பாங்க இல்ல."