டைனமைட் என்று சொன்னேன்

அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிய சொல்லை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அப்போது கும்பகோணத்தில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!

அப்பா பண்ணை வேலைக்காரர். ஊரில் வேட்டு போடுகிறவரும் அவர்தான். மாரியம்மன் திருவிழாவுக்கும் சாவு ஊர்வலத்துக்கும் இரும்புக் குழாயில் கருமருந்தைக் கெட்டித்துத் திரி வைப்பார். அந்த அறுவடையில், கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் வயலில் இறங்கவில்லை. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவர, கைகலப்பாயிற்று. போலீஸ் வீடு வீடாகச் சோதனை போட்டது. திருவிழாவுக்காக எங்கள் பரணில் வைத்திருந்த மருந்து டப்பா அகப்பட்டது. அப்பாவை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சுவரெல்லாம் தமிழ் வாழ்க என்று எழுதியிருந்த காலம். ஆனாலும் கோர்ட்டுக்குப் போகும் காகிதம் இங்கிலீஷில்தான் போயிற்று. ஸ்டேஷன் ரைட்டர் பேனாவைக் கடித்துக்கொண்டு, “காலேஜ் படிக்கிற பொண்ணுதானே, இந்த வேட்டு மருந்துக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம், அவருக்கும் தெரியாது. “டைனமைட்” என்றேன், பட்டென்று. அந்த நிலைமையிலும் அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அவரை ரிமாண்ட் செய்த பிறகுதான் கல்லூரி நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். பாறை பிளக்கவும் சுரங்கம் வெட்டவும் உண்டான வெடியாம். தொட்டால் வெடிக்கும் ஓர் எண்ணெயை ஒருவகை மண்ணில் ஊறவைத்துச் செய்வார்களாம். பலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பேர் வைத்தார்களாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. கூழாங்கல்கூடக் கிடைக்காத வண்டல் பூமியில் அப்பா எதைப் பிளப்பார்? பலம் இருந்திருந்தால் அரைப்படி நெல்லுக்கு எதற்கு இந்தப் பாடு? எங்கள் வக்கீலிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

நாகப்பட்டினம் கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் அப்பாவைப் பார்த்து, “உன் வீட்டில் டைனமைட் இருந்ததா?” என்று கேட்டார். இல்லை, வேட்டு மருந்து என்று சொன்னால் போதும். வக்கீல் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா கைகட்டி நின்று, “எம் பொண்ணு அப்படித்தாங்க சொல்லுச்சு. படிச்ச புள்ள, தப்பா சொல்லாதுங்க” என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்து, “தப்புங்கய்யா! தெரியாமத்தான் சொன்னேன். அது கோயில் வேட்டு மருந்துங்க” என்று கத்தி அழுதேன். மாஜிஸ்ட்ரேட், கோர்ட்டுக்கு வந்திருந்த ஸ்டேஷன் ரைட்டரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றார். அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது.

பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே அடித்தார்களா என்று கேட்டேன்.

“அத்தன பேரு முன்னாடி தெரியாதுன்னு சொல்லிட்டியேம்மா” என்றார்.