என் மகளின் கத்தரிச்செடியும் நன்னெறிப் பாடமும்

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு, எங்கள் ஊர் காஜா பெராங்கில் என் மகள் படிக்கும் பள்ளியில் தோட்டப் போட்டி வைத்தார்கள். அவளுடைய கத்தரிச்செடி வாடிவிட்டது. பிள்ளை அழுவாளே என்று, பக்கத்து ஊர் கிளேபாங்கிலிருந்து காய்த்த செடியொன்றை வாங்கிவந்து, யாருக்கும் தெரியாமல் மாற்றி நட்டேன்.

பரிசு அவளுக்கு என்றதும் எழுந்து நின்றாள். "டீச்சர், இது என் செடி இல்ல, என்னோடது வாடிப்போச்சு. அப்பாதான் மாத்திருப்பாங்க."

பரிசும் போனது, என் மானமும் போனது.

அதே வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், "நன்னெறிப் பாடம் எதுக்குலா? எடுத்துட்டு கணக்கு வைங்க. ஒழுக்கத்த வீட்ல சொல்லிக்குடுத்துக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்தேன். "எங்க வீட்ல யாருங்க சொல்லிக்குடுப்பா? நானா?"

கூட்டம் சிரித்தது.

"நல்லா சிரிங்க. ஆனா அந்தப் பாடத்த நீக்க நான் விடமாட்டேன்."

பாடம் தப்பித்தது. இப்போதெல்லாம் மகளுக்கு உதவுமுன் அவளிடமே கேட்கிறேன். பெரும்பாலும், "வேணாம்பா, நீங்க சும்மா இருங்க" என்கிறாள்.