சனிக்கிழமைக்குள் ஒரு மான்

மான் சுட வேண்டுமாம். அதுவும் சனிக்கிழமைக்குள்.

வியாழக்கிழமை மத்தியானம், பீர்மேட்டுச் சாப்பாட்டுக் கடையில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவன் என் ஜீப்புக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கம்பத்து ஏஜென்ட். மற்ற நாட்களில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக் கதை சொல்ல ஆரம்பித்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர், அமெரிக்காவுக்குப் போய் மான் வேட்டையாட ஏற்பாடு செய்திருந்தாராம். அங்கே அதற்கென்றே கைடு உண்டாம். மலைக்குக் கூட்டிப் போய் மானைக் காட்டி, சுடச் சொல்லி, தோலுரித்தும் கொடுப்பார்களாம். கடைசி நேரத்தில் விசா கிடைக்கவில்லை. வாங்கிய பூட்ஸும் ஒதுக்கிய நாட்களும் வீணாகப் போகின்றன. அதனால் இங்கேயே ஒரு கைடு, ஒரு மான் கிடைத்தால் தேவலாம் என்றான்.

பந்தியில் இன்னொரு அப்பளம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பக்கத்து மேசையில் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். இங்கே மிளா மானைச் சுட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா, உன் அப்பன் வந்தா ஜாமீன் எடுப்பான் என்று கேட்டேன். அவன் சிரித்தான். கோபப்படாதண்ணே, சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் ஒரு சவாரி இருக்கிறது, ஒற்றை ஆள், வியூ பாயிண்ட் பார்க்க வேண்டும் என்று அதே ஏஜென்ட் செய்தி அனுப்பியிருந்தான். நானும் போய் நின்றேன். லாட்ஜ் வாசலில் நின்றவருடைய பூட்ஸைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மண் படாத, முழங்கால் வரை வரும் பச்சை பூட்ஸ். ஏஜென்ட் பயலை அங்கேயே மனசுக்குள் நாலு மிதி மிதித்தேன். ஆனால் வந்த ஆளை ஏற்றாமல் போகிற பழக்கம் எங்கள் ஜீப் ஸ்டாண்டில் இல்லை. ஏற்றிக்கொண்டேன்.

அந்த மனிதர் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டார். டீ வாங்கினால் எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் குடித்தார். எனக்கு எரிச்சலே அதுதான். ஒருவன் திமிராகப் பேசினால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம், இவரை என்ன செய்வது? பாறை மேல் உட்கார்ந்துகொண்டு போனை நீட்டி, தான் சுடாமல் போன மானைக் காட்டினார். மியூல் டீராம். கோவேறு கழுதைக்கு இருப்பதுபோல் பெரிய காது, அதனால் அந்தப் பேராம். படத்தில் அது செத்துக் கிடந்தது. கொம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். ரெண்டு நாள் முன்னால் சொன்னால்கூடப் போதும், ஏற்பாடு செய்து தருவார்கள் என்று ஆசையோடு சொன்னார். கல்யாணம் தட்டிப்போனவர் பெண்ணின் போட்டோவை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

பிறகு கேட்டார், "இங்க கைடுன்னா என்னங்கண்ணா பண்ணுவீங்க?"

"காட்டுவோம் சார்."

"அது போதுமுங்க. நீங்க காட்டுனா மட்டும் போதும். மிச்சத்த நான் பாத்துக்கறனுங்க."

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட, லைசென்ஸ் வைத்திருக்கும் ஆட்களுக்குப் பஞ்சாயத்து அனுமதி தருகிறதே, அப்படி ஒரு காகிதத்தை ஏஜென்ட் தயார் செய்துவிடுவானாம். சத்தம் கேட்டு யாராவது வந்தால் பன்றி என்று சொல்லிக்கொள்ளலாமாம். சுட்ட பன்றியையே மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும் என்பதுதான் இங்கே சட்டம், கொம்போடு ஒரு பன்றியை எங்கே சார் புதைப்பீர்கள் என்று கேட்டேன். அதற்கும் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே தோளைத் தட்டினார். திரும்பக் கொண்டுவந்து லாட்ஜில் இறக்கிவிட்டேன். இனிமேல் என் நம்பருக்குப் போன் பண்ணாதே என்று ஏஜென்டுக்குச் சொல்லிவிட்டேன். சனியன் ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும். மிருகம் காட்டுகிறேன் என்று ஆளை ஏற்றிக்கொண்டு போய் வெறும் மூடுபனியைக் காட்டினால் மறுபடி யார் வருவார்கள்? அதனால் எங்கள் ஸ்டாண்டு ஜீப்காரர்கள் ஆளுக்கு ஓரிடத்தில் உப்பு வைத்திருக்கிறோம். வெளியே சொல்லக் கூடாத விஷயம்தான். மூடிக் கிடக்கும் எஸ்டேட்டில், தேயிலைச் செடி மரமாக வளர்ந்து காட்டோடு சேர்ந்துவிட்ட ஓரமாகப் பார்த்து, ஒரு பள்ளத்தில் கல்லுப்பைக் கொட்டி மண்ணோடு மிதித்துவிடுவோம். பத்து நாள் போனால் மிளா வந்து நக்கும். அப்புறம் சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் சொல்லி வைத்தாற்போல் வந்து நிற்கும். மேல் ரோட்டு வளைவில் ஜீப்பை நிறுத்தி, "சத்தம் போடாம கீழ பாருங்க" என்று நாங்கள் சொல்லும்போது, ஏதோ மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம். ஒருத்தர் உப்பு வைத்த இடத்துக்கு இன்னொருத்தர் ஆள் கூட்டிப் போகக் கூடாது. அது மட்டும் ஸ்டாண்டில் கறார். அதற்காகச் சட்டை கிழிந்த சண்டையெல்லாம் நடந்திருக்கிறது.

என் இடம் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். என் தங்கச்சி புருஷனுக்கு. எனக்கு முதுகு பிடித்துக்கொண்ட மழைக்காலத்தில் உப்பு மூட்டையைச் சுமந்து வந்தவன் அவன்தான். மூடிய எஸ்டேட்டின் பாக்டரியில் வேலை பார்த்தவன். இப்போது ஏலத்தோட்டத்தில் கூப்பிட்டால் போவான், கூப்பிடாத நாளில் வீட்டில் இருப்பான். அதிகம் பேச மாட்டான்.

அவர்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். கம்பெனி மூடிய பிறகு ஓடு மாற்ற ஆளில்லை. போன மழையில் ரெண்டு வீடு தள்ளி ஒரு சுவர் விழுந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. மழை பெய்தால் தங்கச்சி பிள்ளைகள் ரெண்டையும் அடுப்படியில் படுக்க வைப்பாள், அங்கே மட்டும்தான் கூரை ஒழுகாது. என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறேன். மச்சினன் வீட்டில் போய் உட்கார மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அந்தப் பக்கமாகப் போனவன், பிள்ளைகளுக்கு வாங்கிய பன்னைக் கொடுக்கலாம் என்று லயத்தில் நிறுத்தினேன். தங்கச்சி வாசலில் துணிகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை. திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். கம்பெனியில் சூப்பர்வைசர், இருக்க வீடும் அவர்களே தருகிறார்கள், பக்கத்திலேயே பள்ளிக்கூடம்.

"யாரு குடுக்குறா?"

"ஒரு முதலாளி வந்துருக்காகல்ல, பன்னி சுட. அவுகதான். இன்னைக்கு ஒருநா வழி காட்டச் சொன்னாக. இவுக அவருகூடத்தான் போயிருக்காக."

பன் பொட்டலம் கையிலேயே இருந்தது. என்னால் முடியாது என்றதும் ஏஜென்ட் நாய் நேராக இங்கே வந்திருக்கிறான். காசைக் காட்டினால் தங்கச்சி மாப்பிள்ளை மசிய மாட்டான் என்று தெரிந்துகொண்டு, வீட்டைக் காட்டியிருக்கிறான். ஒழுகாத வீட்டை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த முதலாளி வேலை கொடுப்பாரோ, கொடுக்காமல் போவாரோ, அதை யார் கண்டது? மாட்டினால் அவருக்கு வக்கீல் இருக்கிறான். கார் மலை இறங்கிவிடும். ரேஷன் கார்டில் லயத்து நம்பர் போட்டிருக்கிறவன்தான் உள்ளே போவான். அப்புறம் என் தங்கச்சி வாரா வாரம் ஜெயில் வாசலில் நிற்பாள். இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை. பொட்டலத்தை மூட்டை மேல் வைத்துவிட்டு ஜீப்பை எடுத்தேன்.

மேல் ரோட்டு வளைவுக்கு வந்தபோது நாலரை தாண்டியிருந்தது. கீழே பார்த்தேன். என் பள்ளத்துக்கு நேராக, தேயிலை மரத்துக்குப் பின்னால், மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் திருப்பூர்க்காரர். காட்டுக்குள் நாற்காலி! மடியில் துப்பாக்கி. பக்கத்தில் என் மாப்பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்து, கையால் திசை காட்டிக்கொண்டிருந்தான். தேட வேண்டிய வேலையே அவர்களுக்கு இல்லை. மூன்று வருஷமாக நான்தான் தேடிக் கொடுத்து வைத்திருக்கிறேனே.

மிளா வந்தது. பெரிய கிடா. கொம்பில் கொடி சுற்றியிருந்தது. மேலே ஜீப் நிற்பதைப் பார்த்தது, பார்த்துவிட்டு எப்போதும்போல் தலையைக் குனிந்துகொண்டது. என் ஜீப் சத்தம் அதற்குப் பழக்கம். துப்பாக்கி தோளுக்கு ஏறியது. நான் ஹார்னில் கையை வைத்து அழுத்தினேன். அழுத்தியவன் எடுக்கவே இல்லை. மிளா கத்திக்கொண்டு ஒரே தாவில் காட்டுக்குள் போய்விட்டது. அது போன பிறகும் அழுத்திக்கொண்டேதான் இருந்தேன். பிறகு இறங்கி, தேயிலை மரங்களுக்குள் விழுந்தடித்து ஓடினேன்.

மாப்பிள்ளை எழுந்து நின்றான். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். வருகிற வழியெல்லாம் ஜெயில், பிள்ளைகள், தங்கச்சி என்றுதான் மனசு கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"யாரக் கேட்டுடா என் எடத்துக்கு ஆளக் கூட்டிட்டு வந்த?"

அவன் என்னைப் பார்த்தான். சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. "ஒன் எடமா மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

திருப்பூர்க்காரர் துப்பாக்கியை உறையில் போட்டு, நாற்காலியை மடக்கினார். பரவாயில்லைங்க, குடும்பத்துக்குள்ள சண்டை வேண்டாமுங்க என்று எனக்குப் புத்தி சொன்னார். மாப்பிள்ளையிடம் வேலை விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அந்த ‘அப்புறம்’ எப்போது வரும் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். அந்த பூட்ஸில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சேறு பட்டிருந்தது. ரோட்டுக்கு வந்ததும் அதைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் காரில் ஏறினார். மாப்பிள்ளை என் ஜீப்பில் ஏறவில்லை. நடந்தே போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஜீப் கழுவிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி வந்தாள். என் பெண்டாட்டி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. முற்றத்திலேயே நின்றாள். ராத்திரி முழுக்க நான் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். அது பன்றி இல்லை, மிளா. பிடிபட்டால் வருஷக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டியதுதான், வேலை தருகிறேன் என்றவன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான், பிள்ளைகள் தெருவில் நிற்கும். உனக்காகத்தான், அவனுக்காகத்தான் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே கோபம் ஏறியது. ஏஜென்டைத் திட்டினேன், முதலாளியைத் திட்டினேன், பேசாத மாப்பிள்ளையைத் திட்டினேன், மூடிவிட்டுப் போன கம்பெனியைத் திட்டினேன். நான் ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்.

"இத்தனையும் நேத்து அவுககிட்டச் சொன்னியாண்ணே?"

ஹோஸில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் குனிந்து டயரைப் பார்த்தேன்.

"ஒன் எடம்னு சொன்னியாம்ல," என்றாள்.

நான் ஹோஸை எடுத்து டயரில் பீய்ச்சினேன். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கட்டி வைத்த மூட்டையெல்லாம் அப்படியே வாசலில் கிடக்கிறது, மழை வருவதற்குள் பிரித்து உள்ளே வைக்க வேண்டும் என்று என் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.