தட்டிப் பார்க்கிறவர்

தரையில் ஒட்டிய டைல்ஸ் கல்லை ரப்பர் சுத்தியலின் மரப்பிடியால் தட்டுகிறார், காதைச் சாய்க்கிறார். 'டக்' என்றால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது. 'டொங்' என்றால் உள்ளே காலி. பெயர்த்தெடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். மேலே மினுக்குகிற எதையும் டைல்ஸ்காரர் நம்புவதில்லை. "மூஞ்சியப் பாத்து மாப்பிள்ளை எடுத்தாலும் எடுக்கலாம், கல்ல நம்பக் கூடாது" என்பார்.

நாள் முழுக்கக் குந்தியே இருப்பவர் நிமிர்வது சிகரெட்டுக்கு மட்டும்தான். நாலு வரிசை முடிந்தால் சுவரைப் பிடித்து எழுந்து, ஜன்னலோரம் நின்று பற்றவைப்பார். முதல் இழுப்பில் கண் சொருகும். இரண்டாவதில் இடுப்பு வலி இறங்கும். இத்தனை வருடமாக அவர் கண்ட வைத்தியம் அது ஒன்றுதான். அதைத்தான் இப்போது எலும்பு டாக்டர் விஷம் என்கிறார்.

இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டு தேய்ந்துவிட்டதாம். புகை ரத்தக் குழாயைச் சுருக்குமாம். தட்டுக்குச் சத்து போகாதாம். ஸ்க்ரூ போட்டு இரண்டு எலும்பையும் ஒட்ட வேண்டும். "சிகரெட் குடிச்சா எலும்பு சரியா ஒட்டாது. விட்டுட்டு வாங்க, அப்புறம் ஆபரேஷனுக்குத் தேதி குடுக்கறேன்." ஒட்டாவிட்டால் வலி போகாது, குந்தி வேலை செய்ய முடியாது. குந்த முடியாத டைல்ஸ்காரரை யார் கூப்பிடுவார்கள்? மிச்சம் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை. டாக்டர் அறைத் தரையில், கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு கல் காலியாக இருந்தது, அதை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

கூட வேலை செய்யும் பிளம்பரிடம் கேட்டார். "புகை நெஞ்சுக்குத்தானடா போகுது? இடுப்புக்கு எந்த வழியா எறங்குது?"

"எங்கயாச்சும் லைன் லீக்கா இருக்கும்ணே."

டைல்ஸ்காரர் சிரிக்கவில்லை. அப்படியும் இருக்குமோ என்று யோசித்தார்.

ஆனாலும் சிகரெட்டை விட்டார். குழப்பம் முற்றியது அதற்குப் பிறகுதான். சிகரெட் இல்லை, ஆகவே எழுந்திருக்கவும் காரணம் இல்லை. காலையில் குந்தியவர் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்ந்தார். சாயங்காலம் பிளம்பர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"பாத்தியா? அதுதான்டா இடுப்பத் தாங்கிட்டு இருந்துச்சு."

வீட்டில் தைலம் தேய்த்துவிட்ட மனைவி கேட்டாள்: "குடிக்கறப்போ உக்காந்து குடிப்பீங்களா, நின்னா?"

"நின்னுதான். அடுத்தவன் தரையில சாம்பல் விழலாமா?"

"அப்ப நில்லுங்க. அத மட்டும் விடுங்க."

"சும்மா நின்னா வேலைக்கள்ளன்னு நெனைப்பாங்கடி. கையில சிகரெட் இருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"நிமிந்து நிக்கறதுக்குக்கூட ஒரு சாக்கு வேணுமாக்கும் உங்களுக்கு."

குப்புறப் படுத்திருந்தவர், "விரல் முட்டியால இடுப்புல ஒரு தட்டு தட்டு" என்றார். அவள் தட்டினாள்.

"சத்தம் எப்படி வருது? உள்ள காலியா?"

"மேல, மண்டையில தட்டினாத் தெரியும்" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள்; ஆனால் கை மட்டும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மறுநாள் நாலு வரிசை முடிந்ததும் சுவரைப் பிடித்து எழுந்தார். பழக்கதோஷத்தில் சட்டைப்பைக்குள் போன விரல்களில், கல்லுக்குக் கல் சந்து விட வைக்கும் பிளாஸ்டிக் கூட்டல்குறி ஒன்று அகப்பட்டது. அதை உதட்டில் செருகிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். வேலை நடக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாள் அந்தப் பக்கமாக வந்து, பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

வலி கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. நின்றதாலா, வாயில் ஏதோ இருப்பதாலா, சிகரெட் இல்லாததாலா? ஒன்றும் பிடிபடவில்லை. யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கையைப் பின்னால் வளைத்து, விரல் முட்டியால் இடுப்பை இரண்டு முறை தட்டி, காதைச் சாய்த்தார்.