பையர் போகும்வரை

இரண்டாயிரத்து நான்கு இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும்போது நான்கு வயது மகளையும் கூட்டிப்போவேன். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் பார்வையிட வந்தால், குழந்தையைக் கண்டு ஆர்டரை நிறுத்திவிடுவார் என்று அவளை அட்டைப்பெட்டிக்குள் ஒளித்துவைப்பேன். அவர் போகும்வரை சத்தம் வரக்கூடாது என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவளைக் காணோம். காம்பவுண்டு முழுக்கக் கத்திக் கூப்பிட்டேன். தண்ணீர்த் தொட்டியைக்கூட எட்டிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து சொன்னாள்: "கம்பெனி வெளையாட்டு வெளையாடுனமுங்க அக்கா. நான்தானுங்க பையரு."

எனக்குப் புரிந்துவிட்டது. "பையர் போயிட்டாரு, கண்ணு" என்று உரக்கச் சொன்னேன்.

மாடிப்படிக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டி திறந்தது. வியர்த்து நனைந்த முகத்தோடு மகள் கேட்டாள்: "கொஞ்சங்கூடச் சத்தம் போடலதானேம்மா?"

நான் கதறிக் கூப்பிட்டதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.