அம்மா நிரப்பாத நாலு கட்டம்

எனக்குக் குறுக்கெழுத்தை அறிமுகப்படுத்தியது வேர்க்கடலை. ஜமுனாமரத்தூர் சந்தையில் அம்மா வாங்கித் தந்த பொட்டலத்தைப் பிரித்தால், தாளில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். ஏதோ செய்தித்தாளின் சிறுவர் பக்கம். குறிப்புகள் இருந்த பாதி கிழிந்து வேறு யாருடைய கடலையோடோ போய்விட்டிருந்தது. போனால் போகட்டும், குறிப்பை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்றாம் வகுப்பில் எனக்கு அவ்வளவு துணிச்சல் இருந்தது. இப்போது அதில் பாதிகூட இல்லை.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்தான் என் பத்திரிகை. வாசகர்கள் இரண்டே பேர்: அம்மா, பக்கத்து வீட்டில் இருந்த அத்தை. அப்பாவின் தங்கை அவள். அம்மா ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அத்தைக்கு அதுவும் வராது. ஆகவே குறிப்புகளைப் படங்களாகவே போட்டேன். சாமைக் கதிரை வரைந்தால் மேலிருந்து கீழே சாமை. அதன் 'மை'யிலிருந்து வலப்பக்கம் மைனா. என் மைனாவை அத்தை கோழி என்றாள். கரடியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்காரரு மாதிரியே கீதுடி" என்றாள்.

படத்துக்கு அடங்காதவற்றுக்கு வாய்க்குறிப்பு கொடுப்பேன். "முழுசா இருந்தா ஓடும், தலைய வெட்டுனா மூடும்." அம்மா அன்றைக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டியபடியே யோசித்தவள், திடீரென்று துடுப்போடு வெளியே ஓடிவந்து, "குதிர! தலைய வெட்டுனா திர!" என்று கத்தினாள். களி அடிபிடித்துவிட்டது. அன்று அம்மா சிரித்த சிரிப்புக்காக இன்றைக்கும் அடிபிடித்த களியைத் தின்னத் தயாராக இருக்கிறேன்.

எங்கள் ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. புதிர் போட்டவள் விடை எழுதக்கூடாது.

சாமை அறுப்பு முடிந்ததும் அப்பா மேஸ்திரியோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போவார். எங்கள் ஊர் ஆண்கள் பலரும் அப்படித்தான். "புளி உலுக்க வந்துர்றேன்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட்டுப் போவார், வந்தும்விடுவார். அந்த வருடம் மற்றவர்கள் மரமெல்லாம் உலுக்கி முடித்துவிட்டார்கள். எங்கள் மரத்தில் மட்டும் காய் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா வரவில்லை. மேஸ்திரியின் போனுக்கு அத்தையின் மகன் மேட்டில் ஏறி நின்று அடித்துப் பார்த்தான். அது பேசவே இல்லை. அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

எனக்கு அப்பா வேண்டும். அதற்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். எல்லாப் புதிர்களையும்விடப் பெரிய புதிர் ஒன்று போட்டேன். நடுவில் நாலு கட்டம். அதற்குப் படம்: மீசை, தலையில் துண்டு, தோளில் மூட்டை. விடை, அப்பாவின் பெயர். கட்டம் முழுவதும் நிரம்பினால் அப்பா வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் சொல்லித் தந்தது என்று கேட்காதீர்கள். அந்த வயதில் இப்படிப்பட்ட விஷயங்கள் தாமாகவே தெரிந்துவிடும்.

அம்மா மளமளவென்று எழுதிக்கொண்டு போனாள். பாறையில் கூடும், வீங்கிய மூக்கோடு ஒரு மனிதனும் வரைந்திருந்த இடத்தில் 'தேன்' என்று எழுதினாள். அந்த 'ன்'தான் அப்பா பெயரின் கடைசி எழுத்து. எழுதிய பிறகே மீசைப் படத்தைக் கவனித்தாள். பென்சில் நின்றது.

"யம்மா, இது யாருன்னு தெர்லயா?"

"தெர்யும்."

"அப்ப எழுது."

எழுதவில்லை. ரப்பரை எடுத்து, சரியாக எழுதியிருந்த 'ன்'னையும் அழித்தாள். நல்ல தேன் வெறும் 'தே'யாக நின்றது.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. அத்தையைக் கூப்பிட்டேன். அவள் அண்ணன் பெயரை ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். ஆனால் அது செல்லாது. அம்மா எழுதத் தொடங்கிய புதிரை அம்மாதான் முடிக்க வேண்டும். அம்மாவிடமே திரும்பி வந்து, "உனக்கு அப்பா வர்றது புடிக்கல" என்று அழுதேன். அம்மா என் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளைக் காணோம். நாலு கட்டத்தில் நாலு சிவப்புப் பொட்டு. கட்டத்துக்கு ஒன்றாக, நடுவில் பார்த்து ஒட்டியிருந்தாள்.

"இது இன்னாம்மா? எழுத்துதானே வர்ணும்?"

"ரொம்பிடிச்சு இல்ல? விடு."

இது அழுகுணி ஆட்டம் என்று தோன்றியது. ஆனாலும் கட்டம் காலியாக இல்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சில நாள் கழித்து, சாயங்கால பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். எஸ்டேட்டில் காய்ச்சலில் படுத்திருந்தாராம், பாதியாக இளைத்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த புதிரைப் பார்த்தார். மீசையைப் பார்த்துச் சிரித்தார். பொட்டுகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. திரும்பி அம்மாவைத் தேடினார். அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டிருந்தாள். அப்பா அந்தக் கட்டங்களை விரலால் தடவிவிட்டு, பொட்டை எடுக்காமல் அப்படியே விட்டார். தன் பெயர் தனக்கே தெரியாதா இந்த மனிதருக்கு என்று நினைத்தேன்.

கட்டியவள் வாயாலோ கையாலோ பெயர் வந்தால் கட்டியவனின் ஆயுள் குறையும் என்பது எங்கள் வீடுகளில் இருந்த நம்பிக்கை. வளர்ந்த பிறகு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதன்பின் ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, யாராவது அம்மாவிடம் அந்தப் பெயரைக் கேட்டால் அவள் என் பக்கம் திரும்புவாள், நான் சொல்வேன். அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

போன வருடம் அப்பா காலமானார். காரியமெல்லாம் முடிந்து, உதவித்தொகைக்காக அம்மாவைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், "வூட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா" என்றாள். வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இனிமே நானே சொல்றேன்" என்றாள்.

சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாக, கட்டம் கட்டமாக நிரப்புகிறவளைப் போலச் சொன்னாள். அவள் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று மடியில் கிடந்து அழுத பிள்ளைக்கு, தான் வேண்டிய அதே அப்பாவைத்தான் அம்மாவும் வாயை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. "இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா" என்றாள்.

அம்மா இன்னொரு முறை சொன்னாள்.