மச்சானை யாரும் தேடமாட்டார்கள்

என் மச்சானைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் கம்பெனியில் அவருக்குப் பெயரே ‘சத்தம்’தான். “சத்தம் வந்தாச்சா?” என்று மேனேஜர் தினமும் கேட்பார். கேட்கவே வேண்டாம். மனிதர் தெருமுனையில் திரும்பும்போதே கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆனாலும் கேட்பார்.

ஐம்பத்திரண்டு வயது. கட்டை உருவம். இடது கைச் சுண்டுவிரலில் நகம் கிடையாது. லிஃப்ட்டின் கயிற்றுச் சக்கரம் தின்றுவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டு முன்னறைக் கட்டில் அவருடையது, டிவி ரிமோட் அவருடையது, காலை ஆறரையிலிருந்து ஏழே கால் வரை குளியலறையும் அவருடையது. பதினோரு வருடமாக இந்தத் தொண்டையோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

சகித்துக்கொள்வதுதான் என் வேலை. நான் இந்தப் பூமியைச் சேர்ந்தவன் இல்லை. வெகுதூரத்திலிருந்து இங்கே ஒளிந்து வாழ அனுப்பப்பட்ட ஒரு படைவீரன். இந்த ஊர் உடம்பு ஒன்றைக் கொடுத்து, ஒரு தொழிலில் சேர், ஒரு குடும்பத்துக்குள் நுழை, பார்த்துக்கொண்டே இரு, வாயைத் திறக்காதே என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரின் தங்கையைக் கட்டிக்கொண்டேன். இரண்டு வேலையும் ஒரே மாதத்தில் முடிந்தது. மேலிடத்துக்கு என் மேல் பரம திருப்தி.

இன்று வியாழக்கிழமை. பூட்டிக் கிடக்கும் ஒரு நாலு மாடிக் கடையின் சரக்கு லிஃப்ட்டுக்குள் உட்கார்ந்து, சர்வீஸ் படிவத்தின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். நண்பகலில் மேலிடத்திலிருந்து வண்டி வரும். அதற்குள் எழுதி முடித்து, கிழித்தும் போட்டுவிட வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாத விஷயத்தைக் காகிதத்திடமாவது சொல்லித் தொலைக்கலாம் என்றுதான்.

தப்பு முழுக்க என்னுடையது. முதல் வருடம் முடிவதற்குள் ஒரு ஆளின் பெயரை அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. காணாமல் போனால் யாரும் தேடி வராத ஆளாக இருக்க வேண்டும். அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆராய்ச்சி செய்வார்கள். திருப்பி அனுப்பும் வழக்கம் கிடையாது.

எங்கள் இடத்தில் குரலை உயர்த்துவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான், எதிரியைத் துரத்துவதற்கு. பிரியமானவர்கள் பேசவே மாட்டார்கள். பக்கத்தில் வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். அப்படி வளர்ந்தவனை இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்?

“ஏய் எரும, என் துண்ட எங்க வெச்ச?”

“உன் தோள்ல தொங்குது பாரு. கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு?”

“இந்த வீட்ல மனுஷன் இருப்பானா?”

“உன்ன யாரு இருக்கச் சொன்னா? கெளம்பு. இப்பவே கெளம்பு.”

அண்ணனும் தங்கையும் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் எண்ணினேன். ஒரே வாரத்தில் ‘கெளம்பு’ நாற்பத்தோரு முறை. வேலைக்குப் போன இடத்திலும் இதே கதைதான். லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டால், மற்ற மெக்கானிக்குகள் “பயப்படாதீங்க” என்று ஆறுதல் சொல்வார்கள். இவர் கதவில் வாயை வைத்து, “யாருய்யா உள்ள குதிச்சது? உண்மையச் சொல்லுங்க!” என்று அதட்டுவார். நானில்லை, அவர்தான், இந்தம்மாதான் என்று உள்ளே பெரிய ரகளையே நடக்கும். அதற்குள் நான் மேலே இயந்திர அறைக்குப் போய், பிரேக்கைத் தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். வெளியே வருகிறவர்கள் இவரைத் திட்டிக்கொண்டே போவார்கள். ஒருவர்கூட நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. பயம் மறக்கட்டும் என்றுதான் அவர் வேண்டுமென்றே சண்டை மூட்டிவிடுகிறார் என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை.

ஆக, அறிக்கை எழுதினேன். ‘இவரை யாரும் தேடமாட்டார்கள். கூடப் பிறந்த தங்கையே நாளுக்கு ஆறு முறை வெளியே போகச் சொல்கிறாள். ஊரே திட்டுகிறது.’ எங்கள் வீட்டு முகவரியையும், ஆளை ஒப்படைக்க இந்தச் சரக்கு லிஃப்ட்டையும் குறித்து அனுப்பினேன். சிரிக்காதீர்கள். நேர்மையாக எழுதிய அறிக்கை அது.

செய்தி அங்கே போய்ச் சேர ஐந்து வருடம். அங்கிருந்து வண்டி வர ஐந்து வருடம்.

மூன்றாம் வருடம் மச்சானுக்குக் கடும் காய்ச்சல். தொண்டை கட்டி, குரல் சுத்தமாகப் போய்விட்டது. அந்த நாலு நாளும் என் மனைவி யாரையும் திட்டவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்தாம் நாள் காலையில் முன்னறையிலிருந்து, “ஏய், தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு?” என்று ஒரு கரகரப்பு. “ஏன், கால் இல்லையா? எழுந்து போய்க் குடி!” என்று கத்தினாள். கத்திவிட்டுச் சமையலறைக்குள் வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நான் என்ன எழுதி அனுப்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அன்றே திருத்தம் அனுப்பினேன். அது போய்ச் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பே வண்டி புறப்பட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன்.

போன வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. வியாழன் நண்பகல், ஆளை லிஃப்ட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டு. ஆள் வராவிட்டால் நீ கொடுத்த முகவரிக்கு நாங்களே வருவோம், அந்தக் கட்டடத்தில் இருக்கும் அத்தனை பேரையும் எடுத்துக்கொள்வோம். வண்டி பத்து நாள் அங்கேயே நிற்கும். அதற்குள் யாராவது தேடிக்கொண்டு வந்தால் அவர்களையும் ஏற்றிக்கொள்வோம். இவ்வளவுதான் செய்தி. எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடுகள். பொய்ச் சாக்குச் சொல்லி இரண்டு பேரை ஊரை விட்டு அனுப்பலாம். பதினாறு குடும்பத்தை எங்கே அனுப்புவது?

நான் நல்லவன் என்று இதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். மச்சானை ஒப்படைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் சத்தியம் செய்துகொடுத்த படைவீரன். ஒரு ஆள் போனால் கட்டடமே பிழைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன். திங்கட்கிழமை, ஒரு பழுது பார்க்க வேண்டும் என்று சொல்லி, இடம் பழகட்டும் என்று அவரை இங்கே கூட்டி வந்தேன்.

லிஃப்ட்டுக்குள் போய் நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். நான் வெளியே, இழுவைக் கதவில் கை வைத்தபடி நின்றேன்.

“இந்தக் கதவ வெளியில பூட்டிட்டா உள்ளேர்ந்து ஒண்ணும் செய்ய முடியாது மாப்ள. இதப் போய் எவன் சரிபண்ணச் சொன்னான்?” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “மூஞ்சி ஏன் மூணு நாளா இப்படித் தொங்குது? வீட்ல சண்டையா?”

“இல்ல மச்சான்.”

“அதான் உன் பிரச்சினையே. போட மாட்டேங்கற. உங்க கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு ரெண்டு எடத்துல பொண்ணு பாத்தாங்க, தெரியுமா? வேணாம்னுட்டேன். நான் தனியாப் போயிட்டா அவ யார்கிட்ட கத்துவா? உன்கிட்டயா? செவுத்துகிட்ட கத்தறதும் உன்கிட்ட கத்தறதும் ஒண்ணு. கத்த ஆள் இல்லன்னா அவ செத்துப்போயிடுவா மாப்ள.”

சொல்லிவிட்டு, பெட்டியில் எண்ணெய் போடாமல் விட்ட எவனையோ பெயர் தெரியாமலேயே திட்டத் தொடங்கினார். நான் கதவிலிருந்து கையை எடுத்தேன். “வெளிய வாங்க மச்சான். இது நம்ம வேலை இல்ல.”

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். வண்டியில் வருகிறவர்கள் புதியவர்கள். அவர்களுக்கு இந்த ஊர் ஆட்கள் எல்லாரும் ஒரே முகம்தான். என் உடம்பும் இந்த ஊர் உடம்புதான், பழைய உடம்புக்குத் திரும்ப வழியில்லை. ‘மச்சான்’ என்று நான் ஏறிக்கொண்டால் ஏற்றிக்கொண்டு போவார்கள். என் மேலதிகாரிகளுக்கு நான் சொல்லும் முதல் பொய் அது. சொன்னால் சொன்னதுதான் என்று துணிந்துவிட்டேன்.

ஆனால் என்னைத் தேடக் கூடாதே! இந்த ஊரில் எந்த லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று மச்சானுக்கு அத்துப்படி. திங்கட்கிழமை நான் கூட்டி வந்த இடத்துக்குத்தான் முதலில் வருவார். என் மனைவி அவருக்கு முன்னால் ஓடி வருவாள். இரண்டு பேரையும் சேர்த்தே ஏற்றிக்கொள்வார்கள். தேடாமல் இருக்க வேண்டுமென்றால் அவர்கள் என்னை அடியோடு வெறுக்க வேண்டும். கையில் இருந்தது இரண்டே நாள்.

செவ்வாய்க்கிழமை காலை டம்ளரை டங்கென்று மேஜையில் வைத்தேன். “இது டீயா, பாத்திரம் கழுவுன தண்ணியா?” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “அடேங்கப்பா! ஐயாவுக்கு வாய் வந்துடுச்சு! பதினோரு வருஷமா இதே தண்ணியத்தானே மூச்சு விடாம குடிச்சீங்க?”

“தலையெழுத்து, குடிச்சேன்!”

“அப்படிப் போடு மாப்ள!” என்று மச்சான் கட்டிலில் இருந்து எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். “எங்கய்யா இருந்த இத்தன நாளா?”

நான் இன்னும் கத்தினேன். சட்டைப் பொத்தான், மின்விசிறித் தூசி, அவள் அண்ணனின் குறட்டை, வாய்க்கு வந்ததெல்லாம். அவள் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அன்று சாயங்காலம் என் மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி துணி மடித்தாள். எனக்கு இன்னொரு டம்ளர் டீ வந்தது, கேட்காமலே. இந்தப் பதினோரு வருடத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்று ஒருநாள்தான். வெறுக்க வைக்கப் போய், அந்த வீட்டு ஆளாகவே ஆகிவிட்டேன்.

அந்த வீட்டில் சத்தத்துக்கு எதையும் உடைக்கிற பலம் கிடையாது. இனி என்னிடம் மிச்சம் இருந்தது உண்மை மட்டும்தான்.

நேற்று புதன்கிழமை, விளக்கு வைத்த நேரம். மூன்று பேரும் முன்னறையில் இருந்தோம். குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

“உன்னக் கட்டிக்கிட்டது ஒரு வேலைக்காக. ஒரு குடும்பத்துல சேரணும்னு எனக்கு உத்தரவு இருந்தது. வேற எந்த வீடு கெடச்சிருந்தாலும் சேர்ந்திருப்பேன்.”

“இன்னைக்குச் சண்டைக்கு இது புதுசா?” என்று சிரித்தாள். சிரிப்போடு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“எனக்குக் கொழந்த பொறக்காதுன்னும் எனக்கு மொதல்லயே தெரியும்.”

கல்யாணமாகி இரண்டாம் வருடத்திலிருந்து ஐந்து வருடம் அவள் டாக்டர் டாக்டராக அலைந்தாள். குறை தன்னிடம்தான் என்று நினைத்து, என்னிடமே மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். நான் அவளோடு வராந்தா பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“நான் ஆஸ்பத்திரி படி ஏறி இறங்குனப்பல்லாம்... தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

மச்சான் எழுந்து வந்தார். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிக்கத்தான் கை ஓங்கினார். அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“விடுண்ணா” என்றாள் அவள்.

“நாளைக்குக் காலையில போயிடுவேன். திரும்ப வர மாட்டேன்” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனிடம், தாழ்ந்த குரலில், ஜன்னலைச் சாத்தச் சொல்வது போலச் சொன்னாள்: “அண்ணா, இவரு போனதுக்கப்புறம் நீ எங்கயும் தேடிக்கிட்டுப் போகக் கூடாது.”

எனக்கு வேண்டியது அதுதான். முழுசாகக் கிடைத்துவிட்டது. கட்டிக்கொண்டதுதான் உத்தரவு, அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் வாழ்ந்த ஒரு நாள்கூட உத்தரவில் இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் தேடி வந்துவிடுவாள்.